பனி இறங்கியதும் அறுகிற இணைப்பு

ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மாமாவின் மாந்தோப்பு ஓரமாக எங்கள் தொலைநோக்கி நிற்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்ததற்குக் காரணம் வானம்தான். மலைமேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. அவர்கள் தேடிப் போன இருட்டில் கொஞ்சம் அடிவாரத்துக்கும் மிச்சம் இருக்கிறது.

நான் இருப்பது சென்னையில். அதனால் ஆள் இல்லாமலே இயங்குகிற மாதிரி அமைத்திருக்கிறோம். பொழுது சாய்ந்ததும் கொட்டகையின் தள்ளுகூரை திறக்கும், தொலைநோக்கி அன்றைய பட்டியலில் இருக்கும் விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கும், படம் எடுக்கும், விடிவதற்குள் மூடிக்கொள்ளும். இது ஒன்றும் புதுமை இல்லை. லடாக்கில் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். அதே ஹான்லேயில் 2018 முதல் 70 செ.மீ. ரோபோ தொலைநோக்கி ஒன்றும் இயங்குகிறது. அவர்களுக்கு நடுவில் இருப்பது விண்வெளி. எனக்கு நடுவில் இருப்பதில் பெரும்பகுதியை பிராட்பேண்ட்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மாமா வீட்டில் இருந்து கொட்டகை வரைக்குமான 70 மீட்டர் கேபிள் மட்டும் என் பொறுப்பு. அந்த 70 மீட்டரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மார்கழி, தை மாதங்களில்தான் இங்கே வானம் நன்றாகத் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். அந்த மாதங்களில்தான் இணைப்பும் அறுந்தது. நள்ளிரவு தாண்டியதும் திரை உறையும், சில நேரம் அரை நிமிடத்தில் திரும்பி வரும், சில நேரம் வெயில் வரும்வரை வராது. காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாமா போய்ப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

இந்த மாதிரி விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு எல்லோரும் உடனே சொல்வது ஒன்றுதான்: ரவுட்டரை அணைத்துப் போடு, கேபிளை மாற்று, நெட்வொர்க் கேபிள்களைச் சேர்க்கும் சுவிட்சை மாற்று. நான் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். விட்டுவிட்டு வரும் கோளாறில் முதலில் எதையும் தொடக்கூடாது. எது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது என்று கேட்க வேண்டும். ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டு, இரண்டு நாள் சரியாக ஓடினால், நாம் மாற்றியதால் சரியானதா, பனி குறைந்ததால் சரியானதா என்று ஒருபோதும் தெரியாது.

ஆகவே ஒரு குறிப்பேடு தொடங்கினேன், கையால் எழுதுவது இல்லை. தொலைநோக்கிக் குழலின் மேலேயே ஒரு சிறிய கணினி உட்கார்ந்திருக்கிறது. கேமராவையும், தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியையும் அதுதான் ஓட்டுகிறது. அந்தக் கணினியில் இருந்து ஒவ்வொரு நொடியும் மூன்று இடங்களுக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் சிறு தகவல்) போகும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன்: கொட்டகைக்குள் இருக்கும் சுவிட்ச், வீட்டில் இருக்கும் ரவுட்டர், வெளி இணையத்தில் ஒரு முகவரி. எது முதலில் பதில் சொல்லாமல் போகிறதோ, அதற்கு முந்தைய துண்டில்தான் கோளாறு. அதோடு நேரம், இணைப்பின் வேகம், காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், தொலைநோக்கி அந்த நொடியில் எந்தத் திசையில் இருந்தது, இவ்வளவும் ஒரே வரியில் பதிவாகும். ஈரப்பதத்துக்கு பிஎம்இ280 என்ற சென்சார் போதும், விலை குறைவு. வெப்பநிலையும் ஈரப்பதமும் தெரிந்தால் எந்த வெப்பநிலையில் பனி படியும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பிங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாதாரணமாக அடிக்கும் பிங் மிகச் சின்னத் தகவல் பொட்டலம். கேபிளில் அங்கங்கே ஒரு பிட் கெடுகிறது என்றால், 64 பைட் பொட்டலம் அதில் சிக்காமல் தப்பித்துவிடும். 1500 பைட் பொட்டலம் அதைவிட இருபது மடங்குக்கு மேல் நீளம், சிக்கிக்கொள்ளும். "பிங் நன்றாகத்தான் போகிறது, ஆனால் படம் இறங்க மாட்டேன் என்கிறது" என்று பலர் குழம்புவது இதனால்தான். என் கேமராவின் ஒரு படம் ஏறக்குறைய 52 எம்பி. அதற்குச் சின்னப் பிங் சாட்சி சொல்ல முடியாது. அளவை 1472 என்று வைத்து அடித்தால்தான் (மீதி பைட்டுகள் தலைப்புகளுக்குப் போய்விடும்) உண்மை வெளியே வரும். சுவிட்சில் பிழை எண்ணிக்கை காட்டும் பக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போன பொட்டலங்களின் கணக்கு) என்ற எண் ஏறிக்கொண்டே போனால் மென்பொருளைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுக் கேபிள் பக்கம் போகலாம்.

குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்ததும் ஒன்று தெளிவாயிற்று. இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன.

முதலாவது, கொட்டகைச் சுவிட்சுக்கும் வீட்டு ரவுட்டருக்கும் நடுவில். அது தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் காற்றின் வெப்பநிலையும் பனி படியும் வெப்பநிலையும் நெருங்க நெருங்க வந்தது. இன்னொரு விஷயம்: அறுவதற்கு முன்னால் எப்போதும் வேகம் 1000 மெகாபிட்டில் இருந்து 100க்கு இறங்கியது. அப்புறம் சில மணி நேரம் 100இலேயே ஓடும். நன்றாக ஈரமான பிறகுதான் அறவே போகும்.

ஒருநாள் விடியற்காலையில் மாமாவைப் போனில் கூப்பிட்டேன். அவர் டார்ச்சோடு கொட்டகைக்குப் போனார்.

"மாப்ள, பெட்டியில லைட்டு எரியுது. ஆனா சாயங்காலம் பச்சையா இருந்துச்சு, இப்ப மஞ்சளா இருக்கு."

"ரெண்டும் எரியுதா மாமா?"

"ஒண்ணு விட்டுவிட்டு மினுக்குது. இன்னொண்ணு மஞ்சளா நிக்குது."

எங்கள் சுவிட்சில் பச்சை என்றால் 1000, மஞ்சள் என்றால் 100. இந்த நிறம் பெரிய தடயம். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100க்கு இரண்டே போதும்: பிளக்கில் இருக்கும் எட்டுப் பின்களில் 1-2க்குப் போகும் ஜோடியும் 3-6க்குப் போகும் ஜோடியும். ஏதோ ஒரு ஜோடி நொண்டினால், பல சாதனங்கள் 1000இல் சேர முயன்று பார்த்துவிட்டு, முடியாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். ஆக, பச்சை மஞ்சளானால் 4-5 ஜோடி அல்லது 7-8 ஜோடியில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

கேபிள் போட்டவர் கொட்டகைச் சுவருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கேபிளை ஒட்டுப் போட்டிருந்தார். ஐபி65 என்று முத்திரை குத்திய பெட்டி, ரப்பர் வளையம் எல்லாம் உண்டு. மாமா நான்கு திருகையும் கழற்றி மூடியைத் திறந்ததும் உள்பக்கத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது. அன்று மழை இல்லை, அதற்கு முந்தைய வாரங்களிலும் இல்லை. இரண்டு பிளக்குகளை இணைக்கும் கப்ளரில் இருந்து பிளக்கைப் பிடுங்கி, மொபைலில் கிட்டக் காட்டச் சொன்னேன். எட்டுப் பின்களில் நடுவில் இருக்கும் இரண்டு, நான்காவதும் ஐந்தாவதும், பாசி பிடித்ததுபோல் பச்சை. தங்க முலாம் போய், உள்ளே இருந்த உலோகம் அரித்திருந்தது. ஓரத்தில் இருந்த பின்களில் பளபளப்பு அப்படியே இருந்தது.

ஏன் அந்த இரண்டு மட்டும்? கொட்டகையில் கரண்ட் போனாலும் சுவிட்ச் அணையக்கூடாது என்று, வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து அதே கேபிள் வழியாக பிஓஇ முறையில் மின்சாரம் அனுப்பியிருந்தோம். இப்படிக் கேபிளில் மின்சாரத்தை ஏற்றத் தனியாக வைக்கும் இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் நேர் மின்னை 4-5இலும் எதிர் மின்னை 7-8இலும் அனுப்பும். சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம். நடுவில் ஈரம் இருந்தால் அது மின்பகுப்பு. நேர் மின் இருக்கும் பக்கத்து உலோகம் கரையும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செம்புத் தகடு கரைந்ததே, அது இங்கே ஒவ்வொரு பனி இரவும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கிறது. 4-5 ஜோடி கெட்டது, 1000 போயிற்று, 100 நின்றது. வேகமும் நிறமும் அரிப்பும் ஒரே கதையைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி.

மழையே இல்லாமல் பெட்டிக்குள் தண்ணீர் எப்படி? ஐபி65 என்பது தூசிக்கும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கும் எதிரான சான்று. காற்றில் இருக்கும் ஈரத்துக்கு எதிரானது இல்லை. பகல் வெயிலில் பெட்டிக்குள் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, கேபிள் நுழையும் இடுக்கு வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் பெட்டியின் மூடியில் பனி சீக்கிரமே படியும். உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழி இல்லை, இறுக்கமான ரப்பர் வளையமே அதைப் பூட்டி வைக்கிறது. அதனால்தான் வெளியில் வைக்கும் பெட்டிக்கு அடியில் ஒரு சிறு துளையோ, ஈரத்தை வெளியேற்றும் சவ்வு அடைப்பானோ அவசியம் என்கிறேன். கேபிள் அடிப்பக்கமாக நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதையெல்லாம்விட நல்லது, வெட்டவெளியில் ஒட்டே போடாமல் இருப்பது.

முழுக் கேபிளையும் அப்போதே பரிசோதித்தோம். டவுனில் சிசிடிவி போடும் தம்பி ஒருவர் விளக்கு எரியும் டெஸ்டரைக் கொண்டுவந்தார். ஒன்றில் இருந்து எட்டு வரை எல்லாம் வரிசையாக எரிந்தது. அந்த டெஸ்டர் சொல்வது, இந்த முனையில் இருந்து அந்த முனைக்குக் கம்பி அறுபடாமல் போகிறது என்பதை மட்டும். ஜோடி சரியா என்று அதற்குத் தெரியாது. "ரெண்டு பக்கமும் ஒரே வரிசை இருந்தா போதும் சார்" என்று நம் ஊரில் பலர் பிளக் அடிக்கிறார்கள். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3ஆம் பின்னும் 6ஆம் பின்னும் வெவ்வேறு முறுக்கில் இருக்கும் கம்பிகளுக்குப் போய்விடும். முறுக்கிய ஜோடியில்தான் வெளித்தொந்தரவு இரண்டு கம்பியிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஜோடி பிரிந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. இரண்டு மீட்டர் கேபிளில் தெரியாது, 70 மீட்டரில் தெரியும். சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அதுதான் சரி. எங்கள் கேபிளில் இது சரியாகவே இருந்தது.

கம்பியையும் சுரண்டிப் பார்த்தோம். பிளேடால் கீறினால் உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. பூசிய கம்பிக்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிசிடிவி கேமராவுக்கு 12 வோல்ட்டை அப்படியே கேபிளில் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 70 மீட்டர் நல்ல செம்புக் கேபிளில் இரண்டு ஜோடி வழியாகப் போய்வரும் மின்தடை சுமார் 6 ஓம். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து அரை ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே 3 வோல்ட் போய்விடும். பூசிய கம்பியில் நாலரை. பகலில் நன்றாக ஓடும் கேமரா இருட்டியதும் திரும்பத் திரும்ப அணைந்து எழுவதற்கு இது போதும். பலர் இதையும் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை மாற்றுகிறார்கள்.

அரை நிமிடக் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. கேபிள் இரண்டு நொடி நொண்டினால், நெட்வொர்க் ஏன் முப்பது நொடி காணாமல் போகிறது? காரணம் கொட்டகையில் இருந்த சுவிட்ச். அதில் எஸ்டிபி என்று ஒரு காவல் உண்டு. கேபிள்கள் வட்டமாக இணைந்து தகவல் சுழன்றுகொண்டே இருப்பதைத் தடுப்பது அதன் வேலை. ஒரு போர்ட் அறுந்து திரும்ப வந்தால், 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், அதன் பிறகே தகவலை விடும். எங்கள் மாதிரி ஒரே ஒரு கேபிள் போகும் இடத்தில் இந்தக் காத்திருப்புக்குத் தேவையே இல்லை. அந்தப் போர்ட்டைக் காத்திருக்காமல் உடனே தகவலை விடும் ஓரப் போர்ட் என்று அமைத்ததும் அரை நிமிட மௌனம் போய்விட்டது. கோளாறு தீர்ந்துவிடவில்லை, ஆனால் அதன் உண்மையான அளவு தெரிந்தது.

இடையில் தற்காலிகமாக 100 மெகாபிட்டிலேயே நிறுத்தி வைக்கலாம் என்று தோன்றும். செய்யலாம். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் தானாகப் பேசி முடிவெடுப்பதை அணைத்துவிட்டு 100 என்று கட்டாயப்படுத்தினால், மறுபக்கம் பேச ஆள் இல்லாமல், ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும் செய்யும் அரை இருவழிக்கு இறங்கிவிடும். இந்தப் பக்கம் முழு இருவழி, அந்தப் பக்கம் அரை இருவழி என்று புதிதாக ஒரு தலைவலி. பேச்சுவார்த்தையை வைத்துக்கொண்டே, எனக்கு 100 மட்டும்தான் தெரியும் என்று அறிவிக்கும்படி அமைப்பதுதான் முறை.

இரண்டாவது கோளாறுக்குப் பனியோடு சம்பந்தமே இல்லை. குறிப்பேட்டில் அது வந்த நேரங்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை. நேரத்தை விட்டுவிட்டுத் தொலைநோக்கியின் திசையை வைத்து வரிசைப்படுத்தியதும் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன: விண்மீன் உச்சியைத் தாண்டி மேற்கே சாயும்போது. இந்த வகைத் தாங்கி, உச்சிக்கோட்டைத் தாண்டும் இடத்தில் குழலை அடுத்த பக்கத்துக்குப் புரட்டிப் போடும். கணினி குழலின் மேலே இருப்பதால், கேபிளும் கூடவே புரளும். அங்கே போட்டிருந்தது சுவருக்குள் பதிக்கும் கேபிள், ஒவ்வொரு கம்பியும் ஒரே தடிமனான இழை. அசையாமல் கிடக்கும்வரை அதைவிட நல்லது இல்லை. இரவுக்கு இரவு ஒரே இடத்தில் மடங்கினால் உறைக்குள்ளேயே விரிசல் விடும். ஒரு கோணத்தில் தொட்டுக்கொண்டிருக்கும், இன்னொரு கோணத்தில் விலகும்.

இதை உறுதிப்படுத்த இரவு வேண்டியதில்லை. பட்டப்பகலில், தொலைநோக்கிக்கு மூடி போட்டுவிட்டு, நொடிக்கு ஐந்து பிங் விட்டபடி கிழக்கில் இருந்து மேற்காக மெதுவாக நகர்த்தினேன். பதில் நின்ற இடத்தில் நகர்வை நிறுத்தினேன். மாமா கேபிளை விரலால் வருடிக்கொண்டே போனார். தாங்கியின் கழுத்துப் பக்கம் ஒரு இடத்தில் லேசாக அழுத்தியதும் பதில் வந்தது, விட்டதும் போனது. அந்த இடத்தை வெட்டிப் பிரித்தால் கம்பி ஒன்று இரண்டாக நின்றது. இப்போது அங்கே பல இழைகள் கொண்ட வளையும் கேபிள். தாங்கியின் அச்சுகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தாராளமாக ஒரு சுற்று விட்டு, இரண்டு முனையிலும் இழுவிசை பிளக்குக்குப் போகாதபடி கட்டியிருக்கிறோம். எங்கும் கேபிள் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறைவாக மடங்கவில்லை. லென்ஸில் பனி படியாமல் காக்கும் சூட்டுப் பட்டையின் வயரையும் இதில் இருந்து தள்ளிப் பிரித்துவிட்டோம்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் புதுச் செம்புக் கேபிள் போட்டிருந்தாலே போதும்தான். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இடிதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த மலையடிவாரத்தில் இடி இறங்குவது சாதாரணம். வீட்டுக்கு ஒரு எர்த், கொட்டகைக்கு ஒரு எர்த். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் இரண்டு தரைக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் கண நேரத்துக்கு எழும். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் 1500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்படுவது. அதற்கு மேல் வந்தால் போர்ட் மட்டும் இல்லை, அதன் பின்னால் இருப்பதெல்லாம் போகும். உலோகக் கவசம் உள்ள கேபிளை இரண்டு முனையிலும் எர்த் செய்தால் அந்தக் கவசமே பாதை ஆகிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆகவே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஃபைபர்தான் என் முடிவு. வெட்டவெளியில் விலை உயர்ந்த கருவி வைத்திருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதையே.

வேலை எளிது. ஊரில் பிராட்பேண்ட் இழுக்கும் லைன்மேனிடமே இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் மிஷின் இருந்தது. கவனிக்க வேண்டியது மூன்று. வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபர் கேபிள் பலவற்றில் தாங்குவதற்கு ஓர் எஃகுக் கம்பி உண்டு. அது கொட்டகைக்குள் வரக்கூடாது, வெளியிலேயே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடிக்கு நாமே வழி வைத்ததாகும். அடுத்து, பச்சைக் கனெக்டரையும் நீலக் கனெக்டரையும் ஒன்றோடு ஒன்று செருகக்கூடாது. பச்சையின் முனை சாய்வாகத் தேய்த்தது, நீலத்தின் முனை நேர். செருகினால் உட்காரும், ஆனால் ஒளி சரியாகப் போகாது. மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒற்றை இழையில் ஓடுவது என்றால் ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி இருக்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மற்றது 1550இல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கினால் விளக்கு எரியாது. ஃபைபரில் பிஓஇ அனுப்ப முடியாது என்பதால் சுவிட்சும் கன்வெர்ட்டரும் இப்போது கொட்டகையில் ஒரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில், சோலார் தகட்டோடு.

இத்தனைக்குப் பிறகும் ஒரு விஷயத்தில் நெட்வொர்க்கை நான் நம்புவதில்லை: கூரை. மழைச் சென்சார் கூரை மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நேரடியாக இரண்டு வயரில் போகிறது. கணினி, சுவிட்ச், ஃபைபர் எதுவும் நடுவில் இல்லை. முதல் துளி விழுந்தால் கூரை மூடும், யாரையும் கேட்காது. தொலைநோக்கி மூடுவதற்குத் தோதான நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு தனி சுவிட்ச் வைத்திருக்கிறோம். மூன்று நிமிடம் கணினியிடம் இருந்து சத்தம் இல்லை என்றாலும் மூடிவிடும். சென்னையில் நான் தூங்கிப்போனாலும், பிராட்பேண்ட் போனாலும், கண்ணாடி நனையாது.

மிச்சம் இருப்பது கொட்டகைக் கம்பத்து உச்சியில் வானம் முழுவதையும் பார்க்கும் கேமரா. அது இன்னும் செம்புக் கேபிளில்தான் இருக்கிறது, வெளியில் எட்டு மீட்டர். அதற்கும் கன்வெர்ட்டர் வாங்கி வைத்தாயிற்று. ஐப்பசிக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்று லைன்மேனிடம் மாமா சொல்லி வைத்திருக்கிறார்.